தீவோரம் நங்கூரம் போட்டோம், படகு போய்விடுமா?

கேள்வி: என் கணவர் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சேமிப்பைப் போட்டு இருபத்தாறு அடி ஃபைபர் படகு ஒன்று வாங்கினோம். டீசல் எஞ்சின், இரண்டு பேர் படுக்கிற அளவுக்குச் சின்ன கேபின். பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கரையோரமாகவே பாம்பன் வரை போய்த் திரும்பலாம் என்று கிளம்பினோம். முதல் நாள் இருட்டும் நேரத்தில் வேம்பாருக்கு எதிரே ஒரு வலை புரொப்பல்லரில் சிக்கிக் கிழிந்தது. வலைக்காரர் 45,000 ரூபாய் கேட்கிறார். மறுநாள் டீசலில் தண்ணீர் கலந்து எஞ்சின் நின்று நின்று ஓடியது. ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டு இரவு தங்கினோம். காலையில் அவர் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நான் இறங்கி மணலில் நடந்தேன். கிடந்த சிப்பிகளையும் நாலைந்து வெள்ளைக் கல்லையும் பொறுக்கிப் பையில் போட்டேன். ரோந்து வந்த வனத்துறையினர் படகையும் பையையும் கைப்பற்றி மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) எழுதினார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டோம். "காம்பவுண்ட் பண்ணிக்கலாம்" என்று ஒருவர் சொன்னார். படகு திரும்பக் கிடைக்குமா? பை என்னுடையது, அவர் மேல் ஏன் வழக்கு?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

பதில்: படகைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், அம்மா. படகை மீட்க வழி இருக்கிறது. எனக்குக் கவலை அந்தப் பைதான்.

தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலும் சேர்ந்ததுதான் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 560 சதுர கிலோமீட்டர். எல்லையைக் கணக்கிடுவது ஆழத்தை வைத்து: கரைப்பக்கம் மூன்றரை பாகம், வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம் (ஒரு பாகம் என்பது ஆறு அடி). தண்ணீரில் வேலியும் இல்லை, பலகையும் இல்லை. ஆழம் காட்டும் உங்கள் எக்கோ சவுண்டர் மூன்று மீட்டர் என்று காட்டியிருந்தால் நீங்கள் பூங்காவுக்குள் இருந்திருக்கிறீர்கள்.

பூங்காவுக்குள் படகு வந்ததே குற்றம் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ல் பிரிவு 26ஏ-வின் இரண்டாம் உட்பிரிவைப் பலர் படிப்பதேயில்லை. கடற்பகுதியைச் சரணாலயமாக அறிவித்தாலும், கலமோ படகோ அந்த வழியே தீங்கின்றிக் கடந்து போகும் உரிமை பாதிக்கப்படாது என்கிறது அது. பிரிவு 35 இதைத் தேசியப் பூங்காவுக்கும் பொருத்துகிறது. ஆக, ஓடிக்கொண்டிருந்த வரை நீங்கள் உரிமையில் இருந்தீர்கள். நங்கூரம் போட்டு இரவு தங்கியது கடந்து போவதில் சேராது. அதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்று பிரிவு 27, 28-ஐ வைத்து வாதிடுவார்கள்.

இங்கேதான் எஞ்சின் கோளாறு உதவும். பெரிய ஆபத்தைத் தவிர்க்க, கெட்ட எண்ணமில்லாமல் செய்த காரியம் குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 19 (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 81). ஓடாத எஞ்சினோடு இருட்டில் கடலடிப் பாறைகளுக்கு நடுவே மிதப்பதைவிட நங்கூரம் போடுவதே நல்ல மாலுமித்தனம் என்று எந்த நீதிபதிக்கும் புரியவைக்கலாம். வாயால் சொன்னால் போதாது. அடைத்த ஃபில்டரை எறிந்துவிடாதீர்கள். டீசல் போட்ட ரசீது, ஜி.பி.எஸ். பிளாட்டரில் வேகம் விட்டு விட்டுக் குறைந்ததைக் காட்டும் தடம், அன்று யாரையாவது போனில் அழைத்திருந்தால் அந்தப் பதிவு, எல்லாவற்றையும் இன்றே நகல் எடுத்து வையுங்கள். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆம் சேனல், இவற்றில் ஒன்றையாவது அன்றிரவு அழைத்திருந்தால் உங்கள் வழக்கு பாதி முடிந்திருக்கும். அழைத்ததாக நீங்கள் எழுதவில்லை. கப்பலில் வேலை பார்த்தவர் இதை விட்டது எனக்கு ஆச்சரியம்தான். நங்கூரம் விழுந்தது மணலிலா பவளத்திலா என்பதும் கேட்கப்படும். வாழிடத்தைச் சேதப்படுத்துவது தனிக் குற்றம்.

ஆனால் இந்த அவசரம் படகோடு முடிந்துவிடுகிறது. தீவில் இறங்கி நடக்க எந்த அவசரமும் இல்லை. பையை நிரப்பியதற்கு நிச்சயமாக இல்லை.

அந்த வெள்ளைக் கல் பெரும்பாலும் செத்த பவளம். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை. செத்து வெளுத்த துண்டும் அந்த உயிரினத்தின் பாகமே. அத்துமீறி நுழைந்ததற்கு மட்டுமான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை உயிரினம் சம்பந்தப்பட்டால் சிறை மூன்று ஆண்டுக்குக் குறையாது, ஏழு ஆண்டு வரை போகலாம். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சாதாரணச் சிப்பியாக இருந்தாலும் தேசியப் பூங்காவிலிருந்து எடுப்பதை பிரிவு 35(6) தடுக்கிறது. ஆனால் அதற்குக் குறைந்தபட்சச் சிறை கிடையாது.

இந்த வித்தியாசத்தில்தான் "காம்பவுண்ட்" விஷயம் நிற்கிறது. பிரிவு 54-ன்படி பணம் கட்டிச் சமரசமாக முடிக்கலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு உச்சவரம்பு ஐந்து லட்சம் ரூபாய். ஆனால் குறைந்தபட்சச் சிறைத்தண்டனை உள்ள குற்றத்துக்கு அந்த வழியே கிடையாது. மேலும், மாநிலத்தில் அந்த அதிகாரம் துணை வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாதவருக்குத்தான். வனச்சரகர் மட்டத்தில் முடிக்க முடியாது. பையில் பவளம் என்று எழுதியிருந்தால் சமரசத்துக்கு இடமில்லை. வெறும் சிப்பி என்றால் இடமுண்டு. எழுத்து மூலம் கேளுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அது பவளம்தானா என்று நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. கண்ணால் பார்த்து மகஜரில் எழுதியது போதாது, நிபுணர் அறிக்கை வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞர் கேட்கட்டும். அதே சமயம், பை உங்களிடம் இருந்ததால், பிரிவு 57-ன்படி அதைச் சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவே அனுமானிப்பார்கள். இல்லை என்று காட்டுவது உங்கள் தலையில்.

"பை என்னுடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். கணவரைக் காப்பாற்றும் அவசரத்தில் இதை எங்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம். வனத்துறையினர் போலீஸ் அல்ல. அதனால் போலீஸிடம் தந்த வாக்குமூலத்தைத் தள்ளுவதுபோல அவர்களிடம் தந்ததைத் தள்ள முடியாது. உதவி வனப் பாதுகாவலரோ அவருக்கு மேலானவரோ சட்டப்படி பதிவு செய்த சாட்சியம் விசாரணையில் நேரடியாகவே ஏற்கப்படும். ஏற்கெனவே கையெழுத்திட்டது மகஜரா வாக்குமூலமா என்று நகல் வாங்கிப் பாருங்கள். கணவர் மேல் வழக்கு வருவதற்குக் காரணம் படகை ஓட்டி உள்ளே நிறுத்தியது அவர் என்பதுதான். பைக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்ற வாதத்தை நீதிமன்றத்தில் உங்கள் வழக்கறிஞர் எடுப்பார். ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் வாதாடலாமா என்பதையும் யோசியுங்கள். நான் என்றால் இரண்டு பேரை வைப்பேன்.

இனி படகு. பிரிவு 39(1)(டி) குற்றத்துக்குப் பயன்பட்ட கலம் அரசுச் சொத்து என்கிறது. இதைப் படித்துத்தான் பலர் கைகழுவிவிடுகிறார்கள். ஆனால் குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் தீர்மானிக்கும் முன், சந்தேகத்தில் கைப்பற்றியதாலேயே பொருள் அரசுடையதாகிவிடாது என்று 2011-ல் ஜே.கே. ஜான்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு நடக்கும்போதே வாகனத்தை இடைக்காலமாக விடுவிக்கும் அதிகாரம் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) உண்டு என்பது 2008-ல் மதுக்கர் ராவ் வழக்கில் முடிவானது. அந்த எல்லைக்குரிய நீதித்துறை நடுவர் முன் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 497-ன் கீழ் மனுப் போடுங்கள். வாங்கிய பில், காப்பீட்டுப் பத்திரம், பாண்டு (பிணைப் பத்திரம்), சூரிட்டி (ஜாமீன்தாரர்) தயாராக இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் கட்டிப்போட்ட டீசல் எஞ்சின் எத்தனை நாள் தாங்கும் என்று உங்கள் கணவரையே ஒரு பக்கம் எழுதச் சொல்லி மனுவோடு இணைக்கலாம். படகு வீணாவதால் யாருக்கும் லாபமில்லை என்பது நடுவரிடம் எடுபடும் வாதம்.

வலை விஷயத்தில் வாதாட அதிகமில்லை. மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு எஞ்சின் படகு விலகிப் போக வேண்டும் என்பது சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 18-ஆம் விதி. வலைக்கு மிதவையும் விளக்கும் இருந்தனவா என்பது மட்டும் கேள்வி. இருந்திருந்தால் கொடுத்துவிடுங்கள். புது வலையின் விலையைத் தர வேண்டியதில்லை, கிழிந்த பகுதிக்கும் வலையின் பழமைக்கும் ஏற்றதே இழப்பீடு. ஊர்க் கமிட்டி முன்னிலையில் பேசி, "இனிக் கோரிக்கை இல்லை" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டில் மூன்றாம் தரப்புப் பொறுப்பு இருந்தால், பணம் தருமுன் அவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிறகு சொன்னால் தட்டிக்கழிப்பார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வெளிநாட்டுக் கப்பலில் இருந்தவர்கள் பலர் துரயா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போனைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே இங்கே குற்றம். கேபினில் இருந்தால், படகு திரும்பி வருமுன் முதலில் என்னிடம் சொல்லுங்கள்.

மகஜர் நகலை வாங்கி அனுப்புங்கள். அதில் "பவளம்" என்று இருக்கிறதா, "கல்" என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த மனுவைத் தொட வேண்டும்.