வீட்டோடு வந்த அலாரம்

கேள்வி: நாங்கள் அண்மையில் வாங்கிய வீட்டில், முந்தைய உரிமையாளர் பொருத்திய திருட்டு அலாரம் அப்படியே இருக்கிறது. கதவுகளில் காந்தச் சென்சார், கூடத்தில் அசைவறியும் சென்சார், வெளிச்சுவரில் சைரன் எனப் பெரும்பாலும் வயர் வழியாக இணைந்தவை. அவர் எழுதிக் கொடுத்த நான்கு இலக்க எண்ணால் அலாரத்தை இயக்கவும் நிறுத்தவும் முடிகிறது. இதையே நம்பி வைத்துக்கொள்ளலாமா, கழற்றிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டுமா?

பதில்: கழற்ற வேண்டியதில்லை. சுவருக்குள் ஓடும் வயரும் கதவிலுள்ள காந்தச் சென்சாரும் எளிதில் கெடுபவை அல்ல. ஆனால், உங்கள் கையிலிருக்கும் எண் அந்த அலாரத்தைப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறதே தவிர, அதை ஆளும் உரிமையைத் தரவில்லை.

பொதுவாக இவற்றில் ரகசிய எண்கள் மூன்று நிலைகளில் இருக்கும். அன்றாடம் இயக்க ஒன்று. பயனர்களைச் சேர்க்கவும் நீக்கவும் முதன்மை எண் ஒன்று. எந்தக் கதவு திறந்தால் உடனே ஒலிக்க வேண்டும், எது திறந்தால் சில நொடிகள் பொறுக்க வேண்டும் என்பது வரை அனைத்தையும் மாற்றவல்ல, பொருத்துநருக்கான எண் இன்னொன்று. மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தொழிற்சாலையில் வைக்கப்படும் எண் அந்த மாடலின் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். கையேடோ இணையத்தில் யாருக்கும் கிடைக்கும். அதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் மாற்றுவது, வாசலுக்குப் புதுப்பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைப்பதற்குச் சமம்.

பழைய உரிமையாளரிடமோ பொருத்தியவரிடமோ கேட்டு அந்த எண்ணைப் பெறுவதே எளிய வழி. கிடைக்காவிட்டால், எல்லா வயர்களும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின் இணைப்பையும் அதனுள்ளேயிருக்கும் பேட்டரியையும் ஒருசேரத் துண்டித்து, மீண்டும் கொடுத்தவுடன் கையேடு சொல்லும் முறையில் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாம். முறை மாடலுக்கு மாடல் வேறுபடும். சில பெட்டிகளில் பொருத்துநர் இந்த வழியையும் பூட்டியிருப்பார். அப்போது உள்ளிருக்கும் போர்டையே மாற்ற நேரிடும். எதுவாயினும், அழிப்பதற்கு முன் எந்த இணைப்பு எந்தக் கதவுக்கு உரியது, ஒவ்வொன்றும் என்ன வகை என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அழித்தபின் அவை மீளா. மூடியைத் திறந்தாலே ஒலிக்கும்படி உள்ளே ஒரு சுவிட்ச் இருக்கும். வெளிச் சைரனுக்குத் தனி பேட்டரி இருந்தால், வயரைப் பிடுங்கினாலும் அது அலறும். அக்கம்பக்கத்தாரிடமும், கண்காணிப்பு நிலையம் இணைந்திருந்தால் அங்கும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, பதிவாகியிருக்கும் பயனர்கள், ரிமோட்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு உங்கள் வீட்டாருடையதை மட்டும் சேருங்கள். கைபேசிச் செயலி இருந்தால் இன்னும் கவனம் தேவை: பெட்டி பழைய உரிமையாளரின் கணக்கில் இருக்கும்வரை, நீங்கள் அலாரத்தை இயக்கிவிட்டு வெளியே சென்ற நேரம் அவர் கைபேசியில் தெரியக்கூடும். அவர் தீய எண்ணம் கொண்டவர் என்று சொல்லவில்லை. அந்தக் கைபேசி நாளை யார் கைக்குப் போகும் என்பது அவருக்கே தெரியாது. எனவே அவர் தம் கணக்கிலிருந்து பெட்டியை நீக்க வேண்டும். இயலாதெனில், வீடு கைமாறிய ஆவணத்துடன் தயாரிப்பு நிறுவனத்தை நாடுங்கள்.

பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட் லெட்-ஆசிட் வகையாக இருக்கும். 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். அதன் மேல் தேதி எழுதப்படாமலிருந்தால் பழையது என்றே கொள்ளுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, சில மணி நேரம் பேட்டரியில் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது பச்சை விளக்கு எரிவது பேட்டரியின் நலனுக்குச் சான்றாகாது. அலாரம் செய்தி அனுப்பும் பாதையையும் சோதியுங்கள். பழைய தொலைபேசி இணைப்பையோ, பல நாடுகளில் நிறுத்தப்பட்டுவிட்ட 2ஜி, 3ஜி சேவையையோ நம்பியிருக்கும் பெட்டி, சைரனை ஒலிக்கச் செய்யும்; வெளியூரில் இருக்கும் உங்களுக்குத் தகவல் வராது.

கேள்வி: திருடன் சென்சாருக்குப் போகும் வயரை வெட்டிவிட்டால் அலாரம் செயலிழந்துவிடாதா?

பதில்: வெட்டினால் ஒலிக்கும். கதவு மூடியிருக்கும்போது மின்சுற்று முழுமையாக இருப்பதால், வயர் அறுந்தாலும் கதவு திறந்தாலும் பெட்டிக்கு இரண்டும் ஒன்றே. ஆபத்து வெட்டுவதில் இல்லை, இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி இணைப்பதில் இருக்கிறது. அதன்பின் கதவு திறந்தாலும் சுற்று முழுமையாகவே தோன்றும். இதைத் தடுக்கத்தான் வயரின் கோடியில் மின்னோட்டத்தைக் குறிப்பிட்ட அளவு தடுக்கும் சிறிய ரெசிஸ்டர் ஒன்றை வைக்கிறார்கள்; ஓம் அலகில் அளக்கப்படும் அந்தத் தடையின் அளவு மாறினால் பெட்டி விழித்துக்கொள்ளும். வேலை சுலபம் என்பதற்காகப் பலர் அதைச் சென்சார் பக்கம் வைக்காமல் பெட்டிக்குள்ளேயே திருகிவிடுகிறார்கள். அங்கிருந்தால் அதனால் பயனில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள்: இணைப்புத் திருகுகளில் வண்ணக் கோடுகளுடன் ரெசிஸ்டர்கள் வரிசையாகத் தொங்கினால், அவற்றை ஒவ்வொன்றாக அந்தந்தச் சென்சாரின் உள்ளே மாற்றித்தரச் சொல்லுங்கள்.