கப்பலின் பின்பக்கத்து பால்கனி அறை: அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் ஒத்துவருமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பச்சிக்கு (தந்தைக்கு) வயது 78. தம் 14ஆம் வயதில் தகப்பனாருடன் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு சென்றவர். அந்தப் பயணத்தில் கப்பலின் பின்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளையாக நுரைத்துப் பின்னால் நீண்டுபோன தண்ணீர்த் தடத்தைப் பொழுது போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்ததை இன்றும் பேரப்பிள்ளைகளிடம் சொல்வாராம். அதை அவருக்கு மறுபடியும் காட்டிவிட வேண்டும் என்று, வருகிற மாசி மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கும் ஃபுக்கெட்டும் சென்று திரும்பும் உல்லாசக் கப்பலில் இடம் பார்க்கிறார்கள். பயண முகவர், பின்பக்கத்து பால்கனி அறைதான் உசத்தி, கூடுதல் பணம் கொடுத்தாலும் தகும் என்கிறார். சிங்கப்பூரில் வேலையாக இருக்கும் தம்பியோ, பின்பக்கம் அதிரும், ஆடும், நடுவில் எடுங்கள் என்கிறார். ஆத்தாவுக்குக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறினாலே குமட்டல் வந்துவிடும். அப்பச்சிக்கு முழங்கால் வலி. யார் பேச்சைக் கேட்பது என்பது கேள்வி.

கப்பல்களின் இயந்திர அறையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முகவர் சொல்வதும் உண்மை, தம்பி சொல்வதும் உண்மை. ஆனால் இருவருமே ‘பின்பக்கம்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள். பின்பக்கத்தில் இருக்கும் அறைகள் எல்லாம் ஒன்றல்ல. ஒரு தளம் மேலே போனால் தூக்கம் கெடும். நான்கு தளம் கீழே போனால் அதிர்வு கூடும். இரண்டுக்கும் நடுவே அப்பச்சி ஆசைப்பட்டது அப்படியே கிடைக்கும் அறைகள் இருக்கின்றன.

முதலில், அந்த நுரைத்தடம். பக்கவாட்டு பால்கனியில் உட்கார்ந்தால் கடல் தெரியும், கரை தெரியும், கப்பலின் விலாவை ஒட்டி ஓடும் தண்ணீர் தெரியும். ஆனால் பின்னால் அடிவானம் வரைக்கும் நேராக நீளும் தடம் தெரியாது. தொண்டிப் பக்கத்து மீனவர்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். அந்த அமரத்தில், பின்னோக்கித் திறந்திருக்கும் அறையிலிருந்துதான் அதை முழுமையாகப் பார்க்க முடியும். முகவர்கள் சில சமயம், கப்பலின் பின்பாதியில் பக்கவாட்டைப் பார்த்திருக்கும் அறையையும் ‘பின்பக்கத்து பால்கனி’ என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். ஆகவே பணம் கட்டுவதற்கு முன், டெக் பிளானில், அதாவது கப்பலின் தள வரைபடத்தில், அந்த அறையின் பால்கனி கப்பலின் வால்பகுதியைப் பார்த்திருக்கிறதா, விலாவைப் பார்த்திருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தைப் பற்றித் தம்பி சொன்னதை எடுத்துக்கொள்வோம். கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஏற்றமரத்தின் நடுப்பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு முனைகளும்தான் ஏறி இறங்கும். அலை முன்னிருந்து வரும்போது கப்பலும் அப்படித்தான் அசைகிறது. இதைக் கப்பல்காரர்கள் பிட்சிங் என்பார்கள். பக்கவாட்டில் சாய்ந்து ஆடுவது ரோலிங். நவீனக் கப்பல்களின் அடிப்பகுதியில் இருபுறமும் நீட்டிக்கொள்ளும் துடுப்பு போன்ற ஸ்டெபிலைசர்கள் ரோலிங்கைக் குறைக்கும். பிட்சிங்கை அவற்றால் குறைக்க இயலாது. எனவே கடல் கொந்தளிக்கும் நாளில் முன்முனையிலும் பின்முனையிலும் இருப்பவர்களுக்கு ஆட்டம் அதிகம் என்பதை மறுப்பதற்கில்லை. வங்காள விரிகுடாவில் ஐப்பசி, கார்த்திகையில் பயணம் என்றாலோ, மார்கழியில் தென்சீனக் கடல் வழியாக வியட்நாம் செல்வதாக இருந்தாலோ, ஆத்தாவைப் பின்பக்கத்தில் படுக்க வைக்க வேண்டாம் என்றே நானும் சொல்லியிருப்பேன்.

ஆனால் நீங்கள் போவது மலாக்கா நீரிணை வழியாக. மேற்கே சுமத்ரா தீவும் கிழக்கே மலேசியக் கரையும் மதில் போல நிற்க, நடுவே செல்லும் கடல் அது. திறந்த கடலின் நெடிய அலைகள் அங்கே எளிதில் நுழைவதில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் ‘சுமத்ராஸ்’ என்று அழைக்கப்படும் திடீர்ப் புயல்மழை விடியற்காலையில் அடித்துவிட்டுப் போவதுண்டு. மாசியில் அந்தத் தொல்லை அரிது. பினாங்கைத் தாண்டி ஃபுக்கெட்டை நெருங்கும்போது அந்தமான் கடல் சற்றே திறந்துகொள்ளும் என்றாலும், அந்த மாதத்தில் அதுவும் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். மலைப்பாதையில் வரும் குமட்டலுக்கும் கடலில் வரும் குமட்டலுக்கும் காரணம் ஒன்றே: கண் பார்ப்பதும் காது உணரும் அசைவும் ஒத்துப்போகாததுதான். ஆகவே ஜன்னலில்லாத உள்ளறையைவிட, அடிவானத்தைப் பார்த்தபடி காற்றாட உட்கார இடமுள்ள பால்கனி அறையே ஆத்தாவுக்கு நல்லது. மாத்திரையை மட்டும், அவர் எடுத்துக்கொள்ளும் மற்ற மருந்துகளைச் சொல்லி, உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தைவிட அதிர்வைத்தான் நான் கூடுதலாக யோசிப்பேன். புரொப்பெல்லரின் ஒவ்வோர் இதழும் கப்பலின் அடித்தகட்டை ஒட்டிச் சுழன்று போகையில் தண்ணீர் அந்தத் தகட்டை ஒருமுறை அழுத்திவிடுகிறது. நிமிடத்துக்கு 120 சுற்று, ஐந்து இதழ் என்று வைத்துக்கொண்டால் நொடிக்குப் பத்து அழுத்தம். அதுவே தகட்டின் வழியாக ஏறி மேல்தளங்களுக்கு வருகிறது. பின்பக்கத்து அறையில் மேசைமேல் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்துப் பாருங்கள்: கப்பல் நிதானமாகப் போகும்போது தண்ணீர் அசையாது, வேகம் கூடக் கூட விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வட்டச் சுருக்கங்கள் விழத் தொடங்கும், துறைமுகத்தில் திருப்பும்போது டம்ளரே மேசையில் கிறுகிறுவென்று ஒலிக்கும். ஆழம் குறைந்த கடலிலும், கப்பலைப் பின்னோக்கி இழுக்கும்போதும் இது கூடும். 1998இல் ‘எலேஷன்’ என்ற உல்லாசக் கப்பலில் முதன்முதலாக அசிபாட் பொருத்தப்பட்டது. நீண்ட தண்டில் புரொப்பெல்லரைச் சுழற்றுவதற்குப் பதிலாக, மின்மோட்டாரையும் புரொப்பெல்லரையும் ஒரே கூட்டில் அமைத்துக் கப்பலுக்கு அடியில் தொங்கவிடும் முறை அது. அந்த வகைக் கப்பல்களில் அதிர்வு வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எனவே முகவரிடம் கப்பல் எந்த ஆண்டு கட்டப்பட்டது, அசிபாட் உள்ளதா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, அவருக்குத் தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்லட்டும்.

இனி எந்தத் தளம் என்பதுதான் முக்கியமான முடிவு. மிகக் கீழே உள்ள பின்பக்கத்து அறைகளுக்கு அடியில், கப்பலைக் கரையில் கட்டும் வடக்கயிறுகளும், அவற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்களும் உள்ள தளம் இருக்கும். விடியற்காலையில் துறைமுகத்தை அடையும்போது அந்த வின்ச்களின் உறுமல் படுக்கைக்கு அடியிலிருந்தே வருவது போலக் கேட்கும். மிக மேலே போனால் வேறு தொல்லை. பல கப்பல்களில் பின்பக்கத்து மேல்தளத்தில் பஃபே சாப்பாட்டுக்கூடமோ நீச்சல்குளமோ இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் என் பெற்றோரை அழைத்துச் சென்றபோது, உயரம் கூடினால் காட்சியும் கூடும் என்று எண்ணி அப்படியொரு கூடத்துக்கு நேர்கீழே அறை எடுத்துவிட்டேன். அதிகாலை நாலரை மணிக்கெல்லாம் தலைக்கு மேலே இரும்பு நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசை தொடங்கிவிட்டது. மூன்று நாளும் அம்மா சரியாகத் தூங்கவில்லை. தளங்களின் வரைபடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கக்கூடிய விஷயம் அது. அதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன்: நீங்கள் எடுக்கும் அறைக்கு நேர்மேலும் நேர்கீழும் வெறும் அறைகளாகவே இருக்க வேண்டும். பெரிய கப்பல்களில் வழக்கமாக 8, 9, 10 ஆகிய தளங்களில் அப்படி அமையும்.

இந்த நடுத்தளங்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மிக உயரத்திலிருந்து பார்த்தால் நுரைத்தடம் வெள்ளைக்கோடு போல எட்டத்தில் தெரியுமே தவிர, அதன் ஓசை வராது. எட்டாம் தளத்தில் உட்கார்ந்தால், கண்மாய் மடையைத் திறந்துவிட்டது போன்ற அந்த இரைச்சல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். உங்கள் அப்பச்சி 14 வயதில் கேட்டது அந்த ஓசையைத்தான்.

பால்கனியின் அமைப்பையும் பாருங்கள். சில கப்பல்களின் பின்பக்கம் செங்குத்துச் சுவர் போல இருக்கும். சிலவற்றில் ஊருணிப் படிக்கட்டு போலத் தளத்துக்குத் தளம் உள்வாங்கியிருக்கும். படிக்கட்டு அமைப்பில் கீழ்த்தளத்துப் பால்கனிகள் நம் வீட்டுத் திண்ணை அளவுக்கு அகலமாக அமைவதுண்டு. ஆனால் மேல்தளத்தில் நிற்பவர்களுக்கு உங்கள் பால்கனி முழுவதும் தெரியும். கூரை நிழலும் பாதிதான். வெயிலையும் தனிமையையும் நினைத்தால், இவர்களுக்கு மேலே கூரையுள்ள பால்கனியே நல்லது என்பது என் எண்ணம். தடுப்பு கண்ணாடியா இரும்புத்தகடா என்பதையும் கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவர் பெரும்பாலும் உட்கார்ந்தேதான் பார்ப்பார். இரும்புத்தகடாக இருந்தால் உட்கார்ந்த நிலையில் அவருக்கு வானம் மட்டுமே தெரியும்.

பால்கனிக் கதவின் அடியில் தண்ணீர் உள்ளே வராதபடி நிலைப்படி போன்ற ஒரு மேடு இருக்கும். நம் வீடுகளில் நிலைவாசலைப் பார்த்துத் தாண்டிப் பழகியவர்கள்கூட, இரவில் கண் தெரியாமல் அங்கே தடுக்கி விழக்கூடும். படுக்கையருகில் சிறு விளக்கொன்று எரியட்டும். வெளிக்கதவும் பால்கனிக் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் காற்று இழுத்து, கனமான கதவு படாரென்று சாத்தும். விரல் நசுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பால்கனியில் கற்பூரமோ ஊதுபத்தியோ ஏற்றக் கூடாது. கப்பலில் தீ என்பது விளையாட்டல்ல, எந்தக் கப்பலிலும் அனுமதிக்க மாட்டார்கள்.

புகைபோக்கி பெரும்பாலும் பின்பகுதியில் இருப்பதால், காற்று முன்னிருந்து வீசும் நாளில் கரித்துகள் பால்கனியில் விழுவதுண்டு. கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற உலகளாவிய விதி 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது என்றாலும், சலவை வேட்டியோடு உட்காரும் முன் நாற்காலியை ஒருமுறை துடைத்துக்கொள்வது நல்லது.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்கள் 330 மீட்டருக்கு மேல் நீளமுள்ளவை. இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் நம் வீடுகளில் நான்கைந்தை வரிசையாக வைத்தது போன்ற நீளம் அது. சாப்பாட்டுக்கூடம் பல கப்பல்களில் பின்பகுதியிலேயே இருப்பது உங்களுக்கு வசதி; கலைநிகழ்ச்சி அரங்கம் முன்பகுதியில் இருந்தால் அப்பச்சிக்கு அது சிரமம். பின்பகுதி லிஃப்டுக்கும் அறைக்கும் எத்தனை கதவு தூரம் என்று வரைபடத்தில் எண்ணிப் பாருங்கள். நடக்க வேண்டியிருக்கும் என்றால் சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள்.

மூலையறை என்று ஒன்றுண்டு. பால்கனி பின்பக்கமும் விலாப்பக்கமுமாக வளைந்திருக்கும். விலை கூடுதல், கப்பல் ஓடும்போது விலாப்பக்கத்துக் காற்று முகத்தில் அறையும். பின்பக்கத்து நடு அறைகளுக்குக் கப்பலின் உடலே மறைப்பாக நிற்பதால் காற்று குறைவு. வயதானவர்கள் நெடுநேரம் உட்காருவதற்கு நடு அறையே போதும், அதற்குமேல் செலவு செய்ய வேண்டாம். ‘கேரண்டி’ என்ற பெயரில் விலை குறைத்துக் கொடுப்பதையும் ஏற்க வேண்டாம். அதில் அறை எண்ணைக் கப்பல் நிறுவனம் பின்னால்தான் ஒதுக்கும், நுரைத்தடம் கிடைக்குமா என்பது அவர்கள் கையில். அறை எண்ணை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட நடு அறைகள் காலியாக இருந்தால், கப்பல் போகும் திசையைப் பார்த்து வலப்பாதியில் இருப்பதை எடுங்கள். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு நோக்கிப் போகும்போது கப்பல் வடமேற்காகச் செல்கிறது, அதன் பின்பக்கம் தென்கிழக்கைப் பார்க்கிறது. பால்கனியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சூரியன் இடப்பக்கமாக உதிக்கும். திரும்பும்போது பின்பக்கம் வடமேற்கைப் பார்ப்பதால் மாலைச் சூரியனும் அதே இடப்பக்கத்தில்தான் இறங்கும். இரண்டு வேளையும் வலப்பாதி அறைக்குத்தான் மறைப்பு குறைவு. திரும்பும் நாளின் பிற்பகல் வெயிலுக்கு மட்டும் திரைச்சீலையை இழுத்துவிட்டு அறைக்குள் இருந்துகொள்ளலாம். அங்கே மாசியில் ஏழு மணிக்குப் பிறகுதான் விடியும். புறப்பட்ட மறுநாள் காலை, கப்பல் நீரிணையில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆறே முக்காலுக்கே அப்பச்சியை எழுப்பி, கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றி உட்கார வையுங்கள். காபியை அந்த நேரத்துக்கு அறைக்கே கொண்டுவரும்படி முந்தைய இரவே சொல்லிவைத்துவிடுங்கள்.