ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உறையும் சர்வர்

கேள்வி: பில்லிங் சர்வரில் போஸ்ட்கிரெஸ் 13 டேட்டாபேஸ் ஓடுகிறது, ராம் 64 ஜிபி. சரியாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை 10 விநாடி உறைகிறது. சிபியு சும்மாதான் இருக்கிறது. ஏன்?

பதில்: 5 நிமிடம் என்றதுமே செக்பாயின்ட் (மாறிய டேட்டாவை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் வேலை) மீதுதான் சந்தேகம், அதன் இயல்பு இடைவெளி அதுவே. 'லாக்_செக்பாயின்ட்ஸ்' செட்டிங்கை ஆன் செய்து ரீலோட் கொடுங்கள். லாகில் 'சிங்க்=9.812 எஸ்' (எஸ் என்றால் விநாடி) என்பதுபோல வந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது: லினக்ஸ் ராமில் எழுதப்படாமல் தேங்கிய டேட்டா பக்கங்களையெல்லாம் எஃப்சிங்க் (உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கட்டளை) ஒரே மூச்சில் டிஸ்க்கில் கொட்டவைக்கிறது. லினக்ஸ் கெர்னலில் 'டர்ட்டி_பேக்ரவுண்ட்_பைட்ஸ்' (இவ்வளவு தேங்கியதும் பின்னணியில் எழுதத் தொடங்கு என்னும் வரம்பு) அளவை 256 எம்பி ஆக்குங்கள். சிறுகச் சிறுக இறங்கும். செக்பாயின்ட் இடைவெளியை 15 நிமிடமாகவும், கம்ப்ளீஷன் டார்கெட்டை (அந்த இடைவெளியில் எவ்வளவு பங்குக்கு எழுதும் வேலையைப் பரப்புவது என்பதை) 0.5-இலிருந்து 0.9 ஆகவும், 'மேக்ஸ்_வால்_சைஸ்' (செக்பாயின்ட்டுகளுக்கு இடையே சேரும் WAL என்னும் மாற்றப் பதிவுகளின் வரம்பு) அளவை 4 ஜிபி ஆகவும் உயர்த்துங்கள். கிராஷ் ஆனால் மீண்டுவர நேரம் கூடும், பரவாயில்லை. எஃப்சிங்க்கை மட்டும் தயவுசெய்து ஆஃப் செய்யாதீர்கள்; கரன்ட் போனால் டேட்டாவே சிதைந்துவிடும்.