கைபேசியில் பாதி மறையும் மதிப்பீட்டுக் கட்டம்

வணக்கம். கானாடுகாத்தான் வீட்டில் தங்கிச் செல்லும் விருந்தினர்களுக்கான கூகுள் ஃபார்ம்ஸ் படிவத்தில், கைபேசியில் 'மிகவும் திருப்தி', 'திருப்தி' என்ற முதல் இரண்டு பத்திகள்தான் தெரிகின்றன, மற்றவை பக்கவாட்டில் ஒளிந்துகொள்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இதுவரை வந்த நல்ல மதிப்பெண்களைக் கொஞ்சம் சந்தேகிக்கத்தான் வேண்டும். கண்ணில் படாததை யார் தொடப்போகிறார்கள்?

வாசகங்களைச் சுருக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கேள்விகளை வரிசைகளிலும் விடைகளைப் பத்திகளிலும் அடுக்கும் கட்டக் கேள்வி சிறிய திரைக்கு ஆகாது. அறை, வளவின் (வீட்டின் நடுமுற்றத்தின்) தூய்மை, காலை உணவு என ஒவ்வொன்றையும் தனிக் கேள்வியாக்கி, ஐந்து விடைகளையும் மேலிருந்து கீழாக அடுக்குங்கள். ஒரு கேள்வியைத் தயாரித்து அதையே நகலெடுத்தால் வரிசை பிசகாது. எண் அளவுகோல் வகை வேண்டாம். அதில் இரு முனைகளுக்கு மட்டுமே பெயர் சூட்டலாம். '3' என்றால் சுமாரா, பரவாயில்லையா என்பது அவரவர் கணக்கு.

'சாப்பிடவில்லை' என்பதை ஆறாவது பத்தியாகச் சேர்த்திருக்கிறீர்கள். அது அளவுகோலின் படியே அல்ல. அதைச் சேர்த்தால் நடு எது என்று கண் தடுமாறும். "காலை உணவு எங்களிடம் சாப்பிட்டீர்களா?" என்று முதலில் கேட்டு, 'இல்லை' என்பவரை உணவுக் கேள்விகளைத் தாண்டி அடுத்த பகுதிக்கு அனுப்பிவிடுங்கள்; விடைக்கேற்பப் பகுதி மாற்றும் வசதி கூகுள் ஃபார்ம்ஸிலேயே இருக்கிறது. (வெள்ளைப் பணியாரத்தையும் காபியையும் ஒரே கேள்வியில் கட்டியிருப்பது பணியாரத்துக்கு அநியாயம். பிரித்துவிடுங்கள்.)

பழைய விடைகளைப் புதியவற்றோடு சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள்.