வாசல் பாசியை அகற்றுவது எப்படி? கேள்வி பதில்

லாஸ்பேட்டை: வாசலில் கடப்பா கல். ஐப்பசி மழை பிடித்தால் பச்சைப் பாசி படர்ந்துவிடுகிறது. வயதான அம்மா நடக்கிற இடம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், ஆசிட் வாங்காதீர்கள். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. ஆசிட் பட்டால் நுரைத்து அரிக்கும். சொரசொரப்பான இடத்தில் பாசி இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, மெல்லிய இழைகளால்தான் ஒட்டியிருக்கிறது. அதனால் மழை விட்டு நன்றாக வெயில் காய்ந்ததும் கட்டைத் துடைப்பத்தால் தேய்த்தாலே பாதி வந்துவிடும். அப்புறம் 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி, 15 நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். கையுறை கட்டாயம். கழுவிய தண்ணீர் செடிப் பாத்திக்குப் போகக் கூடாது.

திருப்பாதிரிப்புலியூர்: அதோடு கொஞ்சம் ஆசிட் கலந்தால் வேகமாகப் போகுமா?

பதில்: கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும்.

வில்லியனூர்: எங்கள் மேஸ்திரி வருடாவருடம் ஆசிட்தான் ஊற்றுகிறார். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: உங்களுடையது கருங்கல்லாக இருக்கும், அது தாங்கும். இடையில் பூசிய சிமென்ட் தாங்காது. எந்தக் கல் என்று தெரியாவிட்டால் உடைந்த துண்டில் இரண்டு சொட்டு ஆசிட் விடச் சொல்லுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல்.

நெல்லிக்குப்பம்: வில்லியனூர்க்காரர் சொல்வதுதான் சரி. ஆசிட் போட்டால் அடுத்த மழைவரை பாசியே கிடையாது!

பதில்: சுத்தமாகத் தேய்த்துக் கழுவினாலும் அடுத்த மழைவரை வராது, ஐயா. இங்கே வெயில் காலத்தில் பாசி தானாகவே காய்ந்துவிடும். ஆசிட் கூடுதலாகச் செய்வது, இணைப்பு சிமென்ட்டைக் கரைத்துப் பள்ளமாக்குவதுதான். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். அடுத்த பாசி அங்கேதான் தொடங்கும்.

வில்லியனூர்: அப்படியானால் மேஸ்திரிக்குத் தெரியாதா?

பதில்: கல் பதிப்பதில் அவர் கைகாரர், மறுக்கவில்லை. பதித்த கல்லைப் பராமரிப்பது வேறு வேலை. இணைப்புகளில் விரலை வைத்துப் பாருங்கள், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும்.

அரியாங்குப்பம்: பேவர் பிளாக்கில் பிரஷர் வாஷர் அடிக்கலாமா?

பதில்: சாய்வாகப் பிடித்து, குறைந்த அழுத்தத்தில் அடிக்கலாம். நேராக அடித்தால் இடையிலுள்ள மணல் போய் கல் ஆடும். காய்ந்ததும் மணலை நிரப்பிவிடுங்கள்.

முதலியார்பேட்டை: எந்த ஆசிட் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். மேலே படியுங்கள்.

மஞ்சக்குப்பம்: வினிகர்?

பதில்: அதுவும் ஆசிட்தான்.

தேவனாம்பட்டினம்: எத்தனை முறை கழுவினாலும் ஒரே மூலையில் மட்டும் திரும்ப வருகிறதே?

பதில்: அங்கே ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஏசி குழாய் சொட்டுகிறதா, மாமரக் கிளை வெயிலை மறைக்கிறதா, வாட்டம் தப்பியிருக்கிறதா? செப்டம்பருக்குள் அதைச் சரிசெய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டிசம்பர்வரை கல் காய நேரமே கிடைக்காது.