நாடு கடக்கும் ஓட்டக்காரருடன் சில கிலோமீட்டர் சேர்ந்து ஓட என்ன தயாரிப்பு வேண்டும்?

கேள்வி: நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் எங்கள் ஊர் வழியாக வருகிறார். அவருடன் ஒரு 20 கிலோமீட்டர் ஓட ஆசை. அரை மாரத்தான் ஓடியிருக்கிறேன். அது போதுமா?

தாராளமாகப் போதும். உங்கள் கால்களைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

நான் இப்படி ஒருவருடன் 18 கிலோமீட்டர் போயிருக்கிறேன். அவருக்கு அது 31வது நாள். என்னைப் பாடாய்ப் படுத்தியது மெதுவாக ஓடுவதுதான். என் வழக்கமான பேஸ் கிலோமீட்டருக்கு 6 நிமிடம். அவர் எட்டரை நிமிடத்தில் போய்க்கொண்டிருந்தார், மேடு வந்தால் நடை. முதல் இரண்டு கிலோமீட்டரும் நான் என்னை அறியாமல் அரை அடி முன்னால் போய்க்கொண்டே இருந்தேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நீங்க முன்னாடி போங்க, அடுத்து வண்டி நிக்கிற இடத்துல பார்ப்போம்" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகுதான் உறைத்தது. பக்கத்தில் ஒருவர் அரை அடி முன்னால் ஓடினால் கால் தானாக அவரை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். எனக்கு அது ஒரு காலைப் பொழுது. அவருக்கோ அன்று மட்டும் 55 கிலோமீட்டர், மறுநாளும் அதே அளவு. இன்று கொஞ்சம் கூட்டிய வேகம் நாளை மறுநாள் முழங்காலில் வந்து நிற்கும். 2016இல் பீட் கோஸ்டெல்னிக் அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காக 42 நாளில் கடந்தார். நாளுக்குச் சராசரியாக 115 கிலோமீட்டருக்கு மேல். 1980இல் டெர்ரி ஃபாக்ஸ் ஒரு செயற்கைக் காலுடன் கனடாவில் 143 நாள் ஓடினார், கிட்டத்தட்ட தினம் ஒரு மாரத்தான். இந்தக் கணக்கெல்லாம் ஓடுவது எப்படி என்பதைவிட, மறுநாள் காலையில் மறுபடி ஓடத் தொடங்குவது எப்படி என்பதில்தான் இருக்கிறது. அதனால் தோளுக்குத் தோள் ஓடுங்கள், இல்லாவிட்டால் அரை அடி பின்னால். அவர் நடந்தால் நீங்களும் நடங்கள்.

அடுத்தது சாலை. எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். நான் கவனிக்காமல் விட்டது சாலையின் சரிவு. மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலை ஓரத்தை நோக்கிச் சாய்வாக இருக்கும். ஒரே பக்கத்தில் வாரக்கணக்கில் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்வில், இடுப்பும் கணுக்காலும் கோணும். அதனால் அவர் ஓரளவு மட்டமான ஒரு கோட்டைத் தேடித் தேடி ஓடிக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டில் நான் நின்றுகொண்டு அவரைச் சரிவுக்குத் தள்ளியிருக்கிறேன்! மட்டமான இடம் அவருடையது, ஜல்லியும் சரிவும் விருந்தாளிக்கு. லாரி வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அவர் பின்னால் ஒற்றை வரிசை.

பேச்சு என்றதும் ஒன்று. "ஏன் ஓடுறீங்க?" என்று கேட்காதீர்கள். அதை அவர் தினமும் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். நான் என் வீட்டுக் குழாய் ஒழுகிய கதையைச் சொன்னேன், அரை மணி நேரம் ஆர்வமாகக் கேட்டார். சில நேரம் மௌனமாக வருவார். அதை உங்கள் மீதான சலிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எட்டாவது கிலோமீட்டரில் அவருடைய சாப்பாடும் தண்ணீரும் சுமந்து கூடவே வரும் சப்போர்ட் வண்டி நின்றிருந்தது. அவர் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் எழுவது கஷ்டமாம். நின்றபடியே உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு நான்கு துண்டு, வாயு போன கோலா ஒரு குவளை. ஷூவைப் பார்த்தேன். பழைய அளவைவிட ஒன்றரை அளவு பெரியது, அப்படியும் சுண்டுவிரல் பக்கம் கத்தியால் வெட்டி விட்டிருந்தார்கள். நாள் ஆக ஆகப் பாதம் வீங்குகிறது. அந்த ஓட்டை வழியே டேப் சுற்றிய விரல் தெரிந்தது. வண்டியில் இருப்பது எல்லாம் அளந்து வைத்தது, கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் தண்ணீரும் தின்பண்டமும் உங்கள் முதுகில் இருக்கட்டும்.

முக்கியமான விஷயம், திரும்புவது எப்படி? இது நேர்கோட்டு ஓட்டம். 20 கிலோமீட்டர் ஓடி முடித்தால் உங்கள் வண்டி 20 கிலோமீட்டர் பின்னால் நிற்கும். முடிக்கும் இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, தொடங்கும் இடத்துக்கு யாரையாவது கொண்டுவிடச் சொல்லுங்கள். அவர் இருக்கும் இடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் லைவ் டிராக்கரை மட்டும் நம்பாமல் முந்தின நாளே அவர் குழுவிடம் கேட்டு நேரத்தை உறுதி செய்யுங்கள். நான் டிராக்கரை நம்பி ஐம்பது நிமிடம் ஒரு பாலத்தடியில் காத்திருந்தேன். புள்ளி கடைசியாக சிக்னல் கிடைத்த இடத்திலேயே உறைந்து நின்றிருக்கிறது.

பிரியும்போது அவரை நிறுத்தி செல்ஃபி எடுக்க வேண்டாம், முன்னமே வண்டி நின்ற இடத்தில் எடுத்துவிடுங்கள். சாதனைக்குப் பதிவு செய்கிறவராக இருந்தால் சாட்சிப் பதிவேடு ஒன்று வைத்திருப்பார்கள். குழுவில் ஒரு பெண் அதை என்னிடம் நீட்டினார். இடம், நேரம், பெயர், கையெழுத்து. எழுதிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். ஓட்டக்காரர் அதற்குள் வளைவைத் தாண்டிவிட்டிருந்தார், அதே எட்டரை நிமிட பேஸில்.