படிகாரம் போட்டும் தெளியாத குட்டை

கேள்வி: சிங்கப்பூர் லிம் சூ காங்கில் கீரையும் வெண்டையும் போடுகிறோம். பாசனக் குட்டையில் கொஞ்சம் திலாப்பியா. பக்கத்து மனையில் மண் வெட்டியதிலிருந்து டிசம்பர் மழைத் தண்ணீர் தே நிறத்தில் உள்ளே இறங்குகிறது. பத்து நாளாகியும் தெளியவில்லை. கடைக்காரர் சொன்னபடி இரண்டு மூட்டை படிகாரம் போட்டோம். மறுநாள் மீன் மிதந்தது, கலங்கல் அப்படியே. இன்னும் எவ்வளவு போடணும் ஐயா?

பதில்: இனி ஒரு கைப்பிடிகூட வேண்டாம் தம்பி. காற்றூட்டியை ஓட விடுங்கள். சுண்ணாம்புக்கல் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். நீற்றிய சுண்ணாம்பு கூடாது. பிஎச் ஒரேயடியாக ஏறி மிச்ச மீனும் போகும்.

குட்டையின் காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் திறன்) எவ்வளவு என்றல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும்? ஒரு மில்லிகிராம் படிகாரம் ஏறத்தாழ அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்னும். மழைநீர்க் குட்டையில் பல நேரம் அது லிட்டருக்கு 20 மி.கி.கூடத் தேறாது. தீர்ந்ததும் பிஎச் சரியும். படிகாரத்திலுள்ள அலுமினியம் திரளாமல் கரைந்தே நின்று மீன் செவுளைப் பிடிக்கும். மீன் செத்ததற்கும் கலங்கல் நின்றதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். மீன்தொட்டிக் கடைகளில் காரத்தன்மையை அளக்கும் கேஎச் சோதனைப் பெட்டி கிடைக்கும், வாங்கிப் பாருங்கள். தண்ணீரை எட்டிக்கூடப் பார்க்காமல் மூட்டைக் கணக்கு சொல்பவரிடம் இனி யோசனை கேட்காதீர்கள்.

களிமண் துகள்களுக்கு எதிர்மின்னேற்றம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். கால்சியம் இருந்தால் அந்தத் தள்ளல் அடங்கி, திரண்டு இறங்கும். சுரங்க ஓடுநீர்க் குட்டைகளிலும் இதே வேதியியல்தான்: கால்சியம் மிகுந்த நீர் சீக்கிரம் தெளியும், சோடியம் மிகுந்தது, குட்டையை எவ்வளவு பெரிதாக வெட்டினாலும், கலங்கியே கிடக்கும். 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) துகள் தனியாக 10 செ.மீ. இறங்கவே சுமார் 8 மணி நேரம். மழைநீரில் கால்சியம் ஏது?

ஆகவே கால்சியம் தரும் ஜிப்சம். அது பிஎச்சை அசைக்காது. ஆனால் பாட்டிலில் பார்க்காமல் குட்டையில் கொட்டாதீர்கள். 100 மி.லி. நல்ல தண்ணீரில் 1 கிராம் ஜிப்சம் போட்டுக் குலுக்குங்கள். நாலு பாட்டிலில் லிட்டர் லிட்டராகக் குட்டைத் தண்ணீர் பிடித்து, இந்தக் கலவையை 10, 20, 30, 40 மி.லி. என ஊற்றுங்கள். ஊற்றும்போது குலுக்கிக்கொண்டே இருங்கள், ஜிப்சம் அடியில் தங்கும். ஐந்தாவது பாட்டில் சும்மா இருக்கட்டும். மறுநாள் காலை பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். எழுத்து தெரிகிறவற்றில் குறைந்த அளவு எதுவோ அதுதான் உங்களுக்கு. 30 மி.லி. என்றால் குட்டைத் தண்ணீர் கனமீட்டருக்கு 300 கிராம் ஜிப்சம்.

கலங்கலை வடிகாலில் திறந்துவிடாதீர்கள். நாட்டின் நீர், வடிகால்களைப் பார்க்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மி.கி. மிதவைத் திடப்பொருள் (தண்ணீரில் மிதக்கும் மண் துகள் போன்றவை). பக்கத்து மனைக்காரருக்கும் அதே வரம்புதான். அடுத்த மழையில் அவர் வரப்பிலிருந்து சேறு இறங்குவதைப் படமெடுத்துக் கழகத்துக்கு அனுப்புங்கள். அது நிற்காதவரை ஜிப்சத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டேதான் இருப்பீர்கள்.